சம்பந்தியின் முதுகு

போன வாரக் கதையில் சயோகோவைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இடுப்பை வளைத்து வணங்கியபடி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை விடிந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தியம்மா அவர்களே, தலைப்பிரசவத்துக்கு என் மகளை என்னுடன் அனுப்பி வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கொரிய மொழியில் இந்த ஒரு வாக்கியத்தைத் தன் வாயாலேயே சொல்வதற்காகத்தான் அவள் கடல் தாண்டி வந்திருந்தாள். ஜப்பானில், தன் ஊரான கரட்சுவில் அக்கம்பக்கத்தார் கேட்டபோது, "சும்மா, பொழுது போகணுமே" என்று சிரித்து மழுப்பினாள். கணவர் போன பிறகு ஐம்பத்தெட்டு வயதில் மொழி படிக்கப் பூசானுக்குப் போகிறாளாம் என்று அவர்களும் சிரித்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அவள் ஊர் வழக்கம். மகள் அகானேவைப் பெற்றபோது அவளும் தன் அம்மா வீட்டில்தான் கிடந்தாள். மாடி அறையை வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு வைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினாள்.

கேட்க வேண்டிய இடம்தான் கஷ்டமான இடம். "சம்பந்தி வீடும் கக்கூஸும் எட்ட இருந்தால்தான் நல்லது" என்று கொரியாவில் ஒரு பழமொழி. சம்பந்திகளுக்குள் அத்தனை மரியாதை, அத்தனை பயம். சம்பந்தி சூனிமை அவள் பார்த்ததே இரண்டு முறை. நிச்சயத்தன்று ஒரு முறை, கல்யாணத்தன்று ஒரு முறை. இரண்டு முறையும் இருவரும் பட்டு உடுத்தி, முகம் முழுக்கப் பவுடர் பூசி, கோயில் வாசல் சிலைகள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அகானே நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள்.

பெண்ணைக் கேட்பதற்குப் பெண்ணையே தூது வைப்பதா? அதுதான் சயோகோவுக்குப் பொறுக்கவில்லை.

இன்று மாலை சம்பந்தியோடு விருந்து. அங்கே கேட்டுவிட வேண்டும்.

தொலைபேசி அடித்தது. அகானே.

"அம்மா, சாயங்காலம் அந்த நீலச் சட்டையே போட்டுக்கோ. அப்புறம்... அந்தக் கேள்விய இன்னிக்குக் கேக்காதயேன்."

"ஏன், உங்க அத்தை ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதாம்மா பிரச்சனையே. நீ முதல்ல—"

"சயோகோக்கா! பஸ் போயிடும்!" என்று கீழே தெருவில் நின்று ஒரு குரல் கத்தியது.

"நோமின் வந்துட்டா. சனிக்கிழமை ஊர் சுத்தற நாள்டீ, தெரியுமில்ல? சாயங்காலம் பேசலாம்," என்று வைத்துவிட்டாள். மகள் எதையோ சொல்ல வந்தாள் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் நோமின் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நோமின் மங்கோலியப் பெண். வகுப்பில் சயோகோவுக்குப் பக்கத்து நாற்காலி. மகளைவிடச் சின்னவள், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சனிக்கிழமைதோறும் இருவரும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். மலை மேல் கோயிலுக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டார்கள். மீன் சந்தையில் கணவாயைப் பார்த்து நோமின் அலறினாள். ரயிலேறி கியோங்ஜு போய், பழைய ராஜாக்களின் புல் மூடிய சமாதி மேடுகளுக்கு நடுவே பேசாமல் நடந்துவிட்டு வந்தார்கள். அன்று இரவு சயோகோவின் கனவில் அந்தப் பச்சை மேடுகள் மெல்ல மூச்சுவிட்டன.

இந்த வாரம் தொங்நே வெந்நீர் ஊற்று. போதாக்குறைக்கு வகுப்பு டீச்சரம்மா வீட்டுப்பாடம் வேறு கொடுத்திருந்தாள். போகிற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச வேண்டும். திங்கட்கிழமை எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும்.

"குளிக்கற இடத்துல யார்கிட்ட என்னத்தப் பேசறது?" என்றாள் சயோகோ.

"முதுகு தேய்க்கட்டுமான்னு கேளுங்க. இங்க அதான் பழக்கம். தனியா வந்தவங்க பக்கத்துல இருக்கறவங்க முதுகத் தேய்ப்பாங்க, அவங்க இவங்க முதுகத் தேய்ப்பாங்க. முதுகுக்கு முதுகு, கணக்கு தீர்ந்துச்சு."

மூக்குக் கண்ணாடியையும் துணிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பெண்கள் குளியல் கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரே ஆவி. கண்ணாடி இருந்தாலே அரைகுறை, இல்லாவிட்டால் சயோகோவுக்கு உலகமே பாலில் கரைந்த மாதிரிதான். எதிரே குண்டாக ஒருவர் வழியை மறித்து நின்றார். சயோகோ இடுப்பை வளைத்து வணங்கி, "மன்னிக்க வேண்டும், தயவுசெய்து வழி விடுங்கள்" என்றாள்.

அவர் நகரவில்லை.

"அக்கா, அது தூண்," என்றாள் நோமின், சிரிப்பை அடக்க முடியாமல். சற்றுத் தள்ளித் தொட்டியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நோமினுக்குச் சூடு அதிகம் தாங்காது. கொஞ்ச நேரத்தில் உப்பு பரப்பிய ஓய்வு அறையில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். சயோகோ தன் ஊர் வழக்கப்படி சின்னத் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு திறந்தவெளித் தொட்டிக்குப் போனாள். கழுத்து வரை வெந்நீர், நெற்றியில் தூறல். சுவருக்கு அந்தப் பக்கத்து மரத்திலிருந்து மஞ்சள் இலைகள் வந்து தண்ணீரில் விழுந்தன. எங்கிருந்தெல்லாமோ பெண்களின் பேச்சு வந்தது, வார்த்தைகளின் ஓரங்களை ஆவி தின்றுவிட்டிருந்தது. அவற்றை ஜப்பானிய மொழிக்கு மாற்றிப் புரிந்துகொள்ள அவள் முயலவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு தோள்கள் தளர்ந்தன. மாலையில் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட மறந்துபோனது.

வீட்டுப்பாடம் ஞாபகம் வந்து எழுந்து உள்ளே போனாள். ஓரத்தில் சின்ன முக்காலியில் தனியாக ஒரு பெண்மணி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றித் துண்டு. அகலமான, உழைத்த முதுகு.

"வணக்கம். நான் மொழி பயிலும் மாணவி. உங்கள் முதுகைத் தேய்க்கலாமா?" பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே இறங்கி வந்த பேச்சு.

 அந்தப் பெண்மணி திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். கையில் மாட்டித் தேய்க்கும் சொரசொரப்பான பச்சைத் துணி அதில் இருந்தது.

"தேயுங்க, தேயுங்க. நல்லா அழுத்தித் தேயுங்க. பூப் பறிக்கிற மாதிரி தேய்ச்சா எனக்குப் பத்தாது."

தெற்குக் கடற்கரைப் பேச்சு. வகுப்பில் கேட்டதே இல்லை, ஆனாலும் புரிந்தது. சயோகோ தேய்த்தாள். அழுக்கு திரி திரியாக உருண்டு வந்தது. ஒரு கொரியாக்காரி முதுகில் இப்படிக் கை வைப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. வேடிக்கையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

"இங்கு அடிக்கடி வருவீர்களா?"

"சனிக்கிழமைன்னா வந்துருவேன். துணைக்குத்தான் ஆளில்ல. மருமகளக் கூப்பிட்டேன், வெக்கப்படுறா. இப்ப வயிறு வேற. பிப்ரவரில பொறக்கப் போவுது. ஜப்பான்காரப் பொண்ணு. நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்ல மாட்டேன்."

சயோகோவின் கை நின்றுவிட்டது.

பிப்ரவரி. ஜப்பான்காரப் பெண். அந்தக் குரலும் இப்போது அடையாளம் தெரிந்தது. நிச்சயத்தன்று அளந்து அளந்து மரியாதையாகப் பேசிய குரல், ஊர்ப் பேச்சுக்கு மாறியிருந்ததால் பிடிபடவில்லை. அவள் கை வைத்திருந்தது சம்பந்தியம்மாவின் முதுகில். அதுவும் இருவர் மேலும் பொட்டுத் துணி இல்லாமல். காலுக்கடியில் ஓடு பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீக? இடது தோள் அப்படியே இருக்கு."

ஓடிவிடலாம். ஆவி மறைத்துவிடும். ஆனால் பாதி முதுகோடு ஒருத்தியை விட்டுவிட்டு ஓடுவது எந்த ஊர் மரியாதை? சயோகோ உதட்டைக் கடித்துக்கொண்டு இடது தோளுக்கு வந்தாள்.

சூனிம் சுவரைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள்.

"எனக்கு அம்மா இல்ல. சின்னதுலயே போயிட்டா. மகனப் பெத்தது மாமியார் வீட்ல. மூணாம் நாளே எந்திரிச்சு அடுப்படிக்குப் போன்னுட்டாக. பெத்தவளுக்குக் குடுக்கிற கடற்பாசி சூப்ப நானே வெச்சு நானே குடிச்சேன். குடிக்கிறப்ப அழுதேன், அது சூப்புல விழுந்துச்சு. அன்னிக்கு நெனச்சுக்கிட்டேன், எனக்குன்னு ஒரு மருமக வந்தா மொதக் கிண்ணத்த நான்தான் ஊட்டுவேன், அவள அசைய விட மாட்டேன்னு."

"அப்படியா," என்றாள் சயோகோ. 

"கிஜாங் போயி பாசிகூட வாங்கியாந்துட்டேன். நீள நீளமா, மடிக்காதது. பேறுகாலத்துப் பாசிய மடிக்கக் கூடாது, மடிச்சா வலி கஷ்டமாயிரும். அலமாரி ஓரத்துல நிமித்தி வெச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவ தட்டிவிட்டாரு, ரெண்டு தடவையும் வீட்ல சண்டை." சிரித்தாள். முதுகு குலுங்கியது. "போதும், இப்ப நீங்க திரும்புங்க."

சயோகோ திரும்பி உட்கார்ந்தாள். சம்பந்தியின் கை முரட்டுக் கை. தோலோடு எலும்பையும் சேர்த்து எடுத்துவிடுமோ என்றிருந்தது. ஆனால் அப்படி யாராவது முதுகைத் தொட்டு எத்தனை நாளாயிற்று?

"உங்களுக்குப் பிள்ளைக?"

பொய் சொல்ல நினைத்தாள். பொய் சொல்லும் அளவுக்கு மொழி வரவில்லை.

"ஒரு மகள். இந்த நாட்டில் வாழ்கிறாள். என் கணவர் இறந்துவிட்டார். வீட்டில் நான் ஒருத்தி. மாடியில் ஓர் அறை தயாராக உள்ளது. காலையில் அங்கே வெயில் வரும். மகள் வருவாள் என்று..." வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. "நான் பயப்படுகிறேன். பேரப்பிள்ளை பேசுவது எனக்குப் புரியாமல் போய்விடும் என்று பயப்படுகிறேன்."

பின்னால் இருந்த கை நிதானமானது. அதற்குப் பிறகு மெல்லத்தான் தேய்த்தது.

கடைசியில் வாளியால் வெந்நீர் மொண்டு அவள் தோளில் ஊற்றி, "தங்கமான முதுகு," என்று சொல்லிவிட்டு சூனிம் எழுந்து ஆவிக்குள் போய்விட்டாள். சயோகோ அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணீரா வெந்நீரா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் அது. அவளுக்கு அது வசதியாக இருந்தது.

திரும்பும்போது ஈரத் தலையோடு நோமின் அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். பஸ் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் மரங்கள் ஒன்றோடொன்று கலந்து போயின. எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கேட்கவே மனம் வரவில்லை. அலமாரி ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் கடற்பாசி கண் முன்னாலேயே நின்றது.

"பேசினீங்களாக்கா? வீட்டுப்பாடம்?" என்றாள் நோமின் அரைத்தூக்கத்தில்.

"பேசினேன்."

"யாரு?"

"தெரியாதவங்க," என்றாள் சயோகோ.

மாலையில் உணவகத்தின் தனியறையில் சம்பந்திகள் சந்தித்தார்கள். நீலச் சட்டை, மூக்குக் கண்ணாடி, பவுடர். எதிரே சாம்பல் பட்டு, முத்து மாலை, பவுடர். மாப்பிள்ளை இன்சொங் தன் அம்மாவையும் அகானேவையும் வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். சூனிமின் பின்னால் சுவரில், காகிதத்தில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று சாய்ந்திருந்தது. அகானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவே மெல்ல உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா நலமாக இருக்கிறீர்களா?"

"தங்கள் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன், சம்பந்தியம்மா."

"படிப்பெல்லாம் சிரமமாக இல்லையே?"

"மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது."

மீன் வந்தது, கஞ்சி வந்தது. யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. சயோகோ குச்சிகளைக் கீழே வைத்தாள். மனப்பாடம் செய்த வாக்கியத்தை விழுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கோத்துக்கொண்டாள். மகளை உங்களிடமே விடுகிறேன், முதல் கிண்ணத்தை நீங்களே ஊட்டுங்கள். அதைச் சொல்ல நினைத்ததும் மாடி அறை வெயில் நெஞ்சைச் சுட்டது. ஆனாலும் சொல்லிவிடுவது என்று இடுப்பை வளைத்தாள்.

"சம்பந்தியம்மா அவர்களே—"

"இருங்க," என்றாள் சூனிம். அளந்து பேசும் குரல் காணாமல் போயிருந்தது. "மொதல்ல நான் ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க ஊருக்குப் போற கப்பல்ல, இம்புட்டு நீளப் பொருள மடிக்காமக் கொண்டு போக விடுவாகளா?"

சயோகோ நிமிர்ந்தாள். சூனிம் சுவரில் சாய்ந்திருந்த பொட்டலத்தைக் காட்டினாள்.

"பெட்டில வெக்க முடியாது. யாராச்சும் கையில நிமித்திப் பிடிச்சுக்கிட்டே வரணும். நானே பிடிச்சுக்கிட்டு வந்திருவேன். காலைல வெயில் வர்ற அறைன்னு சொன்னீகல்ல? அங்க நிமித்தி வெச்சுருவோம். மொதக் கிண்ணம் மட்டும் என் கையால."

"எப்போது," என்றாள் சயோகோ. "எப்போது அறிந்தீர்கள்?"

"தூணுக்குக் கும்பிடு போட்டீகளே, அப்பவே." சூனிம் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "தலையில துண்ட மடிச்சு வெச்சுக்கிட்டு எம்மருமகளோட அம்மாவத் தவிர இந்த ஊர்ல யாரு போவா? சம்பந்தின்னு தெரிஞ்சதா காட்டிக்கிட்டா ரெண்டு பேரும் வாயத் தொறக்க முடியாது. அதான், தெரியாதவ மாதிரியே உக்காந்திருந்தேன். உங்களுக்கும் பாதில தெரிஞ்சு போச்சு. கை நின்னுச்சே."

சயோகோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து விரலையும் மேசையில் ஊன்றித் தலை குனிந்தாள்.

"வேண்டாம். இங்கேயே பிறக்கட்டும். நீங்கள் காத்திருந்தீர்கள்."

"அதெல்லாம் இல்ல, அங்கதான். அம்மா இருக்கிறவ அம்மா வீட்டுக்குப் போகட்டும்."

"இல்லை, இங்கே."

"அங்கதாங்கிறேன்!"

அகானே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கே குளித்தார்கள், எந்தத் தூண், ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் குளிச்சு முடிச்சு, பேசி முடிச்சு, விட்டுக் குடுத்தும் முடிச்சாச்சு," என்றாள். முதலில் கொரிய மொழியில், பிறகு அம்மாவுக்காக ஜப்பானிய மொழியில் இன்னொரு முறை. "பெத்துக்கப் போறது யாரு அத்தை? அம்மா, நீயாவது சொல்லு. நான் எங்க இருக்கணும்னு ஆசைப்படறேன்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

சூனிம் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

காலையில் தொலைபேசியில் மகள் சொல்ல வந்தது இதுதான் என்று சயோகோவுக்கு இப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது. சம்பந்தியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்காகக் கடல் தாண்டி வந்து மொழி படித்தாளே, மகளிடம் கேட்க எந்த மொழியையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். இதை மட்டும் கேட்கவில்லை.

"கேக்கல," என்றாள். "தப்புதான். இப்ப கேக்கறேன். உனக்கு என்னடி வேணும்?"

அகானே சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். இன்சொங் இன்னும் வரவில்லை. கைகள் வயிற்றின் மேல் இறுகின.

"அவர் வர்றதுக்குள்ள சொல்லணும். உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு என்னால சொல்ல முடியாது. குளிக்கற எடத்துல முகம் தெரியாதவங்க மாதிரி கேட்டுக்கிட்டீங்கல்ல? அந்த மாதிரி கேப்பீங்களா?"

சயோகோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மகளின் முகம் பாலில் கரைந்துபோனது.

 சூனிம் பட்டு சரசரக்க, பொட்டலம் சாய்ந்திருந்த சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மருமகளுக்கு முதுகைக் காட்டினாள்.

"சொல்லு தாயி," என்றாள்.